கட்டியவர்கள் தங்கிய நாள்

ஹோட்டலைத் திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, அதைக் கட்டியவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்து ஒரு நாள் தங்கிப் போக வேண்டும் என்று அதன் முதலாளி அமீர் சொல்லிவிட்டார். அறையும் இலவசம், சாப்பாடும் இலவசம். அவருடைய அத்தா ஜொகூரின் கூலாய் ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். புதிதாக எந்தச் சமையல்காரர் வேலைக்குச் சேர்ந்தாலும், முதல் நாள் ஆக்கியதை அந்தச் சமையல்காரரின் பெண்டாட்டி பிள்ளைகளை உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் கடைக் கதவைத் திறப்பாராம். மகன் இப்போது ஹோட்டல் வைக்கிறார். பழக்கம் மட்டும் சோற்றிலிருந்து கட்டிலுக்கு மாறியிருக்கிறது.

செய்தி கேட்டுக் கொத்தனார், பெயிண்டர், தச்சர் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். வயரிங் வேலையை எடுத்துச் செய்த சுகுமாறனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று யோசிப்பதற்குள், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி பிரேமலா பிள்ளைக்குப் புதுச் சட்டை வாங்கக் கிளம்பிவிட்டாள். செனாயில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவள் அவள். அவளிடம் போய், ஓசியில் கிடைத்த பஞ்சு மெத்தை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

அந்த ஹோட்டல் ரெங்கம் ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. ரப்பர் காலத்தில் அது புகைவீடு. ரப்பர் பால் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, நாள் கணக்கில் புகை போட்டுக் காய வைப்பார்கள். கீழ்த்தளம் செங்கல், மேலே இரண்டு தளமும் முழுக்கப் பலகை. ஐம்பது அறுபது வருஷம் புகை குடித்த பலகைகள் அண்டங்காக்கைக் கறுப்பாக இருந்தன. கை வைத்தால் தார் பிசுபிசுக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் அந்தக் கறுப்பைப் பார்த்துச் சொக்கிப்போய், ஒரு பலகையும் மாறக்கூடாது, அந்தப் புகை வாசனையும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட பலகைக்குப் பின்னால் வயர் ஓட வேண்டுமென்றால் இரும்புக் குழாய்க்குள்தான் ஓட வேண்டும். சுகுமாறன் இருபத்திரண்டு அறைகளிலும் அப்படித்தான் ஓட்டினான்.

மாடியில் ஒன்பதாம் அறையில் மட்டும் ஓட்டவில்லை. கடைசி நேரத்தில் ஆர்க்கிடெக்ட் அந்த அறையின் குளியலறையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றினார். வாட்டர் ஹீட்டருக்குப் போகிற வயர் இரண்டு முழம் குறைந்தது. பெருநாள் விடுமுறை, கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. பலகை அடிக்க வேண்டிய தச்சர் காளியப்பன் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார். சுகுமாறன் வேறு வயர்த் துண்டு ஒன்றை எடுத்து, முறுக்கி, மேலே டேப் சுற்றி, அப்படியே சுவருக்குள் விட்டான். அப்புறம் வந்து சரி செய்துவிடலாம் என்று சொன்னான், நம்பியும்தான் சொன்னான். அந்த அப்புறம் வரவே இல்லை. பலகை அடித்து மெருகும் போட்டாயிற்று. இனிப் பிரித்தால் பலகை உடையும், உடைந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதிகாரிகள் வந்து கருவி வைத்துப் பார்த்தார்கள், பாஸ் போட்டார்கள். ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற ஜாயிண்ட் அந்தக் கருவிக்குத் தெரியாது. ஹீட்டர் ஓடி மின்சுமை ஏறும்போதுதான் அது சூடாகும். ஆள் தங்காத அறையில் சுமை ஏது?

சுகுமாறன் கெட்டவன் இல்லை. இதை அவனே அந்த வாரம் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கெட்டவன் இல்லாதவனுக்கு அதை அத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை இருக்காது.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் பெயர்ப் பலகையைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். அமீரே வெளியே வந்து கதவைத் திறந்துவிட்டார். நாற்பது வயது, எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை.

"வாங்கண்ணே. அண்ணி, நல்லா இருக்கீங்களா? பாப்பா பேரு என்ன?"

"கவிஷா," என்றது எட்டு வயதுப் பெண்.

"எல்லாருக்கும் அவங்கவங்க ரொம்பப் பாடுபட்ட ரூமத்தான் குடுத்திருக்கேன். காளியண்ணனுக்கு ரெண்டு, அவர் செஞ்ச பெரிய கதவு அங்கதான இருக்கு. உங்களுக்கு ஒன்பது." அமீர் சாவியை நீட்டினார். "மூணு நாளு சோறு தண்ணி இல்லாம அந்த ரூம்லயே கெடந்தீங்களே. நான் மறக்கலண்ணே."

சுகுமாறன் சாவியை வாங்கிக்கொண்டான். பித்தளைச் சாவி, ஏர்கோன் குளிரில் இருந்திருக்கிறது, கையில் சில்லென்று பட்டது. சிரிக்க வேண்டிய இடம் என்பதால் சிரித்தான்.

அறைக் கதவைத் திறந்ததும் பிரேமலா வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். வெள்ளை வெளேரென்று விரித்த கட்டில், அதன் தலைமாட்டில் கறுத்த பலகைச் சுவர், ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டும் தூரம் வரை செம்பனை. அவள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். கவிஷா இருக்கிற சுவிட்சையெல்லாம் தட்டினாள். ஏர்கோன் உறுமியது, விளக்குகள் எரிந்தன, தண்ணீர்க் கெட்டில் முனகியது. குளியலறையில் வாட்டர் ஹீட்டரின் சிவப்புப் பொட்டும் எரிந்தது.

"அதெல்லாம் அணைச்சுடு," என்றான் சுகுமாறன்.

"ஏங்க?"

"சும்மா எதுக்கு கரண்டு."

"வீட்டுலதான் கஞ்சத்தனம்னா இங்கயுமா? பில்லு என்ன நீங்களா கட்டப் போறீங்க?" பிரேமலா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள். வெந்நீர் கொட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவள் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு குளித்தாள்.

சுகுமாறன் கட்டிலோரம் மண்டியிட்டு, ஜன்னலிலிருந்து மூன்றாவது பலகையில் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. மேற்குப் பக்கச் சுவர், வெயில் அடித்திருக்கலாம். பக்கத்துப் பலகையிலும் வைத்துப் பார்த்தான். அதுவும் வெதுவெதுப்புத்தான், ஆனால் கொஞ்சம் குறைவா? மூக்கை வைத்து முகர்ந்தான். புகை வாசனை அடித்தது. அந்தக் கட்டடத்தில் எங்கே முகர்ந்தாலும் புகை வாசனைதான் அடிக்கும், அதற்குத்தானே ஆட்கள் வரப் போகிறார்கள். மேலே கூரையில் புகை வந்தால் கத்துகிற கருவி இருந்தது. அதையும் மாட்டியவன் அவன்தான். புகை பலகையைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் அது கத்தும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"அப்பா, நான் செவுத்துப் பக்கம் படுத்துக்கறேன்," என்றாள் கவிஷா. கட்டிலில் உருண்டு போய்த் தலையணையை அந்தப் பலகையோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

சுகுமாறன் எழுந்தான். ஹீட்டர் சுவிட்சை வெளியிலிருந்தே அணைத்தான். உள்ளே பிரேமலா தண்ணீர் சில்லென்று ஆகிவிட்டதென்று கத்துவது காதில் விழ, படியிறங்கிக் கீழே போனான்.

அமீர் கீழே, தம் குடும்பம் தங்கியிருந்த மூன்றாம் அறை வாசலில், நான்கு மாதக் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஷாஸியா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாய், ஒரு சின்ன உதவி. பிரேமாவுக்கு முட்டி வலி. படியேற முடியலன்றா. கீழ ஏதும் ரூம் இருக்குமா?"

"அட, மொதல்லயே சொல்லக் கூடாதா. எல்லாம் ஃபுல்லு லா. பரவால்ல, இந்த ரூம நீங்க எடுத்துக்குங்க, நாங்க ஒன்பதுக்குப் போயிக்கறோம்."

"இல்ல பாய், உங்களுக்கு எதுக்கு..."

"ஷாஸியாவுக்கு மேலதான் பிடிக்கும். இங்க அடுப்படிச் சத்தம், புள்ள தூங்க மாட்டேங்குது. மேலன்னா ஹீட்டரும் பெருசு, புள்ளயக் குளிப்பாட்டத் தோதா இருக்கும்." அமீர் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

சொல்வதென்றால் அப்போது சொல்லியிருக்கலாம். பாய், அந்தச் சுவரில் ஒரு தப்புச் செய்துவிட்டேன், யாரும் அதில் தங்க வேண்டாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வார்த்தைகள் வரிசையாக வாய்க்குள் வந்து நின்றன. கூடவே வேறு சிலவும் வந்து நின்றன. லைசென்ஸ் போகும், அடுத்து வரவிருந்த, பின்னால் இருக்கிற பழைய மேனேஜர் பங்களாவின் வயரிங் வேலை கைநழுவும், ஜொகூர் முழுக்க அவன் பெயர் நாறும். சுகுமாறன் எல்லாவற்றையும் சேர்த்து மென்று முழுங்கினான்.

"ரொம்ப தேங்க்ஸ் பாய்," என்றான்.

பையைத் தூக்கிக்கொண்டு மேலேயிருந்து இறங்கும்போது, படித் திருப்பத்தில் காளியப்பன் நின்றார். அறுபது வயதுத் தச்சர். கையில் சுத்தியல் இல்லாததால் அன்று கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவர், பையைப் பார்த்தார், பிறகு சுகுமாறனைப் பார்த்தார்.

"ஒன்பதுலேர்ந்து எறங்கறியா?"

"பிரேமாவுக்கு முட்டி வலிண்ணே."

"நான்தான்டா அந்தப் பலகைய அடிச்சேன்," என்றார் காளியப்பன் மெதுவாக. "உள்ள என்ன கெடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? நீ அப்புறம் வந்து மாத்திட்டன்னு இல்ல நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"பலகைய எடுத்தா ஒடையும்னு நீங்கதாண்ணே சொன்னீங்க."

"ஒடைஞ்சா ஒடையட்டும்னு நீ சொல்லியிருக்கணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப யாரு போறா அங்க?"

அதற்குள் ஷாஸியா குழந்தையையும் ஒரு கூடையையும் தூக்கிக்கொண்டு கீழேயிருந்து வந்தாள். இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். "தேங்க்ஸ்ணே," என்று இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு அவள் மேலே ஏறிப் போனாள்.

"போயி சொல்லிடு," என்றார் காளியப்பன்.

"நீங்களும் கூட வாங்க."

காளியப்பன் படிக்கட்டின் கைப்பிடியைத் தடவினார். அதுவும் அவர் செய்ததுதான். "வயரு உன் வேல," என்றார். "என் பேர இழுக்காத," என்றும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வயதுக்கு மரியாதை கொடுத்தே பழகிய சுகுமாறனுக்கு அந்த நேரம் அவர்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. தன்மேல் வர வேண்டியதில் பாதியை அவர்மேல் இறக்கி வைத்ததில் மனசு கொஞ்சம் லேசாகக்கூட ஆனது.

கீழ் அறையில் பிரேமலா ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "அமீர் பாய் என் முட்டி எப்படி இருக்குன்னு கேட்டாரு. நல்லா இல்லன்னு சொல்லி வச்சேன். என் முட்டிக்கு என்னங்க?"

"மேல ஒரே வெக்க. பாப்பா தூங்க மாட்டா."

"ஏர்கோன் இருக்கறப்ப என்ன வெக்க?"

அவன் திரும்பிப் பைக்குள் எதையோ தேடினான். பதினோரு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவள், அவன் எதையும் தேடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் புல்வெளியில் மேசை போட்டார்கள். கோழிப் பிரட்டல், நெய்ச்சோறு, மீன் கறி எல்லாம் வந்து இறங்கின. பெயிண்டர் வீட்டுப் பிள்ளைகளோடு கவிஷா ஓடிக்கொண்டிருந்தாள். அமீர் மஃரிப் தொழுதுவிட்டு வந்து, எல்லாரும் கட்டடத்தைப் பார்த்து நிற்கச் சொன்னார். அது வானத்தைவிடக் கறுப்பாக நின்றது. மேலே ஒரு மூலையில், ஒன்பதாம் அறையில் மட்டும் வெளிச்சம் இருந்தது, ஷாஸியா பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குத்தான் மொத தடவ எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுப் பாக்கப் போறோம். லைட்டு, ஏர்கோன், ஹீட்டரு, ஒண்ணு விடாம. தாங்குதான்னு பாக்கணும்ல," என்று சொல்லிவிட்டு அமீர் சுகுமாறனின் தோளில் கை போட்டார். "சுகுமாறண்ணே கையாலதான் போடணும். வாங்க."

கீழ்த்தளத்து மின்பெட்டிக்கு முன்னால் சுகுமாறனைக் கொண்டு போய் நிறுத்தினார்கள். இருபத்திரண்டு அறைக்கும் தனித்தனிச் சுவிட்ச், ஒவ்வொன்றின் கீழும் அவன் கையெழுத்தில் எண். ஆள் இல்லாத அறைகளையெல்லாம் அங்கே அணைத்து வைத்திருந்தார்கள்; அவன் ஒவ்வொன்றாக மேலே தள்ளினான். வெளியே கைதட்டல் கேட்டது.

திரும்பி வந்து பார்த்தபோது கட்டடம் முழுக்க ஒளிர்ந்தது. அவ்வளவு அழகாக இருக்கும் என்று அவனே நினைத்ததில்லை. எல்லாரும் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். காளியப்பன் மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், ஒன்பதாம் அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிற இடத்தைப் பிரேமலா பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

அவனுடைய முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனாள். "அந்த ரூம்ல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"கேக்கறேன்ல."

"செவுத்துக்குள்ள ஒரு ஜாயிண்ட். சரியாப் போடல." சொல்லி முடித்ததும் அவனுக்கே அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று பட்டது. "சூடாகலாம். ஆகாமலும் இருக்கலாம்."

பிரேமலா கத்தவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மகளை ஒரு தடவை பார்த்தாள்.

"நம்ம புள்ளய எறக்கிட்டு அவங்க புள்ளய ஏத்திட்டீங்க," என்றாள்.

சுகுமாறன் அங்கிருந்து கிட்டத்தட்ட ஓடினான். மின்பெட்டியைத் திறந்து ஒன்பது என்று எழுதிய சுவிட்சைக் கீழே தள்ளினான். மேலே அந்த ஒரு ஜன்னல் மட்டும் இருண்டது. பெட்டிமேல் நெற்றியை வைத்து மூச்சு விட்டான். போதும், இன்று ராத்திரிக்கு இது போதும், நாளைக்கு ஏதாவது காரணம் சொல்லிப் பலகையைப் பிரித்துவிடலாம், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. வெளியே வந்தபோது அவனுக்குப் பசிகூட எடுத்தது.

"என்னாச்சுண்ணே, ஒன்பது மட்டும் அணைஞ்சு போச்சு?" என்று அமீர் கேட்டார்.

"ட்ரிப்பு, பாய். மொத நாள்ல, அப்படித்தான். காலைல பாத்துர்றேன்."

மேலே ஜன்னல் திறந்தது. இருட்டில் ஷாஸியாவின் குரல் மட்டும் வந்தது. "ஏங்க, லைட்டு போயிருச்சு. புகை வாட வேற அடிக்குது."

கீழே எல்லாரும் சிரித்தார்கள். அமீரும் சிரித்தார். "புகைவீட்டுல புகை வாட அடிக்காம? சும்மா ட்ரிப்புதான், பயப்படாத. இருட்டுல புள்ளயத் தூக்கிட்டுப் படியெறங்காத, அங்கயே இரு. சுகுமாறண்ணே பாத்துக்குவாரு."

சுகுமாறன் நிமிர்ந்து பார்த்தான். ஒன்பதாம் அறைக்குக் கரண்டு இல்லை. அவன் கையாலேயே அணைத்திருக்கிறான். ஆனால் ஜன்னலுக்கு இடதுபுறம், இரண்டு கறுத்த பலகைகளுக்கு நடுவே, நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. அது மேல்நோக்கி நீண்டுகொண்டிருந்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தான். சற்று முன்பு சொன்ன பொய் இன்னும் நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது போல, ஒரு சத்தமும் வரவில்லை.

"ஷாஸியா, புள்ளயத் தூக்கிட்டு எறங்கு," என்று பிரேமலாதான் கத்தினாள். "செவுத்துக்குள்ள நெருப்பு. எல்லாத்தையும் விட்டுட்டு ஓடியா."

சிரிப்பு நின்றது. காளியப்பன் தட்டைப் போட்டுவிட்டு, அறுபது வயதை மறந்து, படிக்கட்டை நோக்கி ஓடினார். அவருக்குப் பின்னால் அமீர், அமீருக்குப் பின்னால் சுகுமாறன். இரண்டாவது படித் திருப்பத்தில் காளியப்பன் ஷாஸியாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். குழந்தை துண்டுக்குள் அலறிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு மேலே, கூரையில் மாட்டியிருந்த கருவி அப்போதுதான் கத்த ஆரம்பித்தது.

தீயணைப்பு வண்டி தொலைவிலிருக்கும் குளுவாங்கிலிருந்து வர வேண்டும். தார் குடித்த பலகை அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. மேல்தளம் முழுக்கப் பிடித்து எரிந்தபோது, எல்லாரும் செம்பனை ஓரத்துக்குப் பின்வாங்கி நின்றார்கள். அவரவர் பெண்டாட்டி பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஷாஸியா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அமீர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுகுமாறனிடம் வந்தார். எரிகிற வெளிச்சத்தில் அவருடைய சட்டை மடிப்பு இன்னும் கலையாமல் இருந்தது தெரிந்தது.

"அண்ணிக்கு எப்படித் தெரிஞ்சுச்சு, செவுத்துக்குள்ளன்னு?"

சுகுமாறன் பிரேமலாவைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் பாய்."

அமீர் அதற்குத் தலையாட்டினார். கடன்காரனிடம் பேசுவது போலவோ கோபப்படுவது போலவோ அவர் முகம் இல்லை. வழி கேட்கிறவர் மாதிரி, பதிலைச் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது போல, கொஞ்சம் குனிந்து கேட்டார்.

"ரூம் மாத்தக் கேட்டப்பவும் தெரியுமா?"

பக்கத்தில் பிரேமலா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தாள்.

"தெரியும்," என்றான் சுகுமாறன்.

அமீர் குழந்தையை அவன் பக்கம் இருந்த தோளிலிருந்து எடுத்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, மனைவி உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடந்து போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பிரேமலாவும் கவிஷாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கமே போனாள்.